என் தங்கையின் பதினோரு நூல்கள்

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் ஆள் சேர்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, கட்டிலுக்கடியில் சோப்புத்தூள் பெட்டிகளாக அடுக்கி வைத்திருந்தார். மூன்று பேரைச் சேர்த்தால் வெள்ளி, ஒன்பது பேரைச் சேர்த்தால் தங்கம் என்று ஏதோ கணக்கு. ஒருத்தரும் சேரவில்லை. இரண்டு வருடம் அந்தத் தூளிலேயே துணி துவைத்தோம். துவைக்கும்போதெல்லாம் அவரைக் கிண்டல் செய்யாமல் விட்டதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயை வைத்துக்கொண்டு நானே அதைவிடப் பெரிய ஒன்றில் போய் விழுந்தேன்.

செவிலிமேட்டில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் தியான வகுப்பு நடக்கும். நடத்துகிறவரைப் பெரியம்மா என்போம். என்னை அழைத்துப்போனவள் என் தங்கை. என்னைவிட மூன்று வயது சின்னவள், ஒரு பட்டுக்கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். நான் வீட்டிலேயே உட்கார்ந்து பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். பகல் முழுக்க நூலும் நானும்தான்.

முதல் நாள் அங்கே என்னைக் கொண்டாடியதைப்போல என் கல்யாணத்தில்கூட யாரும் கொண்டாடவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். பெரியம்மா தன் கையால் சர்க்கரைப்பொங்கல் ஊட்டினார். மறுநாள் காலையில் அவரிடமிருந்தே போன்: "எழுந்துட்டியாமா? உன்னத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மாதம் தினமும் பேசினார். பிறகு போன் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை உட்கார நாலாவது வரிசையில்தான் இடம் கிடைத்தது. என்ன தப்பு செய்தேன் என்று தங்கையைக் கேட்டேன்.

"நீயும் யாரனா கூட்டிக்கினு வாக்கா, எல்லாம் சரியாயிடும்" என்றாள்.

அங்கே முறை அதுதான். நாம் ஒருவரை அழைத்து வந்தால் பெரியம்மா நம் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டுநூல் கட்டுவார். நூல் கூடக்கூட முன்வரிசை. ஊட்டுவது, தலையைத் தடவுவது, காலைப் போன் எல்லாம் முன்வரிசைக்கும் புதிதாக வந்தவர்களுக்கும்தான். நாம் அழைத்து வந்தவர் வராமல் நின்றுவிட்டால் எல்லார் முன்னாலும் கத்தரியால் நம் நூல் ஒன்றை வெட்டுவார்கள். நின்றவரோடு அப்புறம் யாரும் பேசக்கூடாது. என் வீட்டுக்காரர் சேர்ந்த கம்பெனியில் சோப்பு, இங்கே பாசம், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இரண்டு பேரையும், வாலாஜாபாத்தில் எனக்குத் தெரிந்த தையல்காரப் பெண்ணையும் இழுத்துப்போய் மூன்று நூல் கட்டிக்கொண்டேன். போன் திரும்ப வந்தது.

என் தங்கை கையில் பதினோரு நூல். பெரியம்மாவுக்குப் பக்கத்திலேயே அவளுக்குப் பாய்.

அவள் மாகறலிலிருந்து அழைத்து வந்த ஒரு பெண், மாமியார் படுத்த படுக்கையானதும் வருவதை நிறுத்திவிட்டாள். தங்கை பஸ் ஏறிப்போய், இரண்டு நாள் அவளோடு இருந்து, கிழவிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தாள். விஷயம் மாடிக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஞாயிறு பெரியம்மா கத்தரியை எடுத்தார்.

"ஒரு நூல் போவுது கண்ணு. இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிடு."

தங்கை கையை நீட்டினாள். "ஒண்ணு வேணாம்மா. பதினொண்ணையும் வெட்டிடுங்க" என்றாள்.

பெரியம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். அவளே அதை எடுத்து, நூலைக் கொத்தாக வெட்டிப் பாயில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். ஐம்பது பேர் இருந்திருப்போம். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கூடப்பிறந்தவள் நானும் எழுந்திருக்கவில்லை.

அவள் அதோடு நிம்மதியாக வீட்டில் இருந்திருக்கலாம். கடையில் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அந்தச் செவ்வாயிலிருந்து, தான் அழைத்துவந்த பதினோரு பேர் வீட்டுக்கும் போக ஆரம்பித்தாள். முதலில் என் வீடு. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நான் கதவைத் தாழ்போட்டேன். எதிர்வீட்டில் முன்வரிசைக்காரி ஒருத்தி இருந்தாள். நான் திறந்தால் பெரியம்மா காதுக்குப் போய்விடும், போன் நின்றுவிடும். அந்தப் போனுக்காக என் தங்கையை வெயிலில் நிற்கவைத்தேன். எழுதவே கை கூசுகிறது.

"அக்கா, நீ உள்ளதான் இருக்குறே, ஃபேன் சத்தம் கேக்குது" என்றாள் வெளியிலிருந்து. "தொறக்க வேணாம். உன்ன அங்க கூட்டிக்கினு போனது நான். அது தப்பு. அத்த சொல்லத்தான் வந்தேன்."

அடுத்த செவ்வாயும் வந்தாள். அதையே சொல்லிவிட்டு, கேட்டில் ஒரு பை முருங்கைக்கீரையை மாட்டிவிட்டுப் போனாள். அதற்கடுத்த செவ்வாய் நல்ல மழை. கதவுக்கு வெளியே அவள் தும்முவது கேட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை, திறந்துவிட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. துண்டு கேட்டாள், காபி கேட்டாள். டம்ளரை வாங்கும்போது என் கையைப் பிடித்து, கடைக்காரப் பழக்கத்தில் நூலை விரலால் உருட்டிப் பார்த்தாள். ஒரு நூலை அறுத்து அடுப்பில் காட்டினாள். பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் பொடியாக உதிரும். இது உருகிக் கெட்டி மணியாகத் திரண்டது.

"நைலான்கா இது! தெனமும் கடைல ஊருக்கெல்லாம் கொளுத்திக் காட்டுறேன், நாலு வருஷமா என் கையில இருந்தத பாக்கல!"

"நான் மட்டும்? பொழுதன்னிக்கும் பட்டுநூல்தான் பிடிச்சிக்கினு இருக்கேன்" என்றேன். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மீதி இரண்டையும் நானே அறுத்துப்போட்டேன். ராத்திரி விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர், "நானாவது சோப்பு வாங்கினு வந்தேன்" என்று ஒன்றே ஒன்று சொன்னார். அந்த ஒரு முறை நான் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு வீட்டுக்கும் போய்விட்டாள் என் தங்கை. சிலர் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி ஊர் கூடக் கத்தினாள். அதற்கெல்லாம் அசராமல் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். அவளைப்போல ஒரு தைரியசாலியை நான் பார்த்ததில்லை. அவளுக்கு அக்கா என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமை.

எனக்கும் மூன்று வீடு இருக்கிறதே. அக்கம்பக்கத்து இருவரும் என் பேச்சைக் கேட்டு மாடிக்குப் போவதை விட்டுவிட்டார்கள். போன வாரம் வாலாஜாபாத் போனேன். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தட்டியதும் நின்றுவிட்டது. கொலுசுச் சத்தம் கதவு வரைக்கும் வந்து, அங்கேயே நின்றது. அவள் எந்த இடத்தில் நிற்கிறாள், மூச்சை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"தொறக்க வேணாம்மா" என்றேன். "கேட்டா மட்டும் போதும்."