எங்க கடையில அடிச்சதுதான்

ஆரோக்கியமேரி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் கீரனூர்க் கடையில் ஒருவருடைய ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் தம்பி திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "அக்கா போயிருச்சும்மா. கடையச் சாத்திட்டு வா." சரி என்றேன். அட்டையின் ஓரத்தைச் சீராக வெட்டி, உரியவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன். அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்காக அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார் தம்பி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்காவை உங்களில் தெரியாதவர்கள் யார்? வெளிநாடு போகிறவர்கள் நகல் எடுக்க விசாவை நீட்டினால், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் படிப்பார். "இது வேல விசா இல்லப்பா. சுத்திப் பாக்குற விசா. போனா ஒளிஞ்சுதான் கெடக்கணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனாலேயே சில ஏஜென்டுகள் எங்கள் கடைப் படி ஏற மாட்டார்கள். "படிக்காம பிரின்ட் போடுறதுக்கு மிஷினே போதும். ஒனக்கு எதுக்குச் சம்பளம்?" என்று என்னைக் கிண்டல் செய்வார். அவரிடம் பத்து வருடம் டைப் அடித்தேன்.

ஒருமுறை ஆவூர் மாதா கோயில் தேருக்குப் போன அக்கா மூன்று நாள் அங்கேயே தங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு ஏஜென்ட், குளத்தூர்ப் பக்கத்துக் குமரேசனைக் கூட்டிக்கொண்டு வந்தான். டிப்ளமோ முடித்த பையன். கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை என்றார்கள். அந்த வேலைக்கு ஒரு பயோடேட்டா அடித்துக் கொடுத்தேன். பிறகு ஏஜென்ட் இன்னொரு தாள் அடிக்கச் சொன்னான். விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் ஒப்பிக்க வேண்டிய பதில்கள். எதற்குப் போகிறாய்? சுற்றிப் பார்க்க. எத்தனை நாள்? ஐந்து நாள். அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். வாக்கியங்கள் ஒப்பிப்பது போலவே இருந்ததால், நம்பும்படி நானே திருத்தியும் கொடுத்தேன். ஒரு தாளில் வேலை, இன்னொரு தாளில் சுற்றுலா. இரண்டும் ஒட்டவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. கடையில் கூட்டம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் வெளிநாடு போகிறவனைச் சும்மா அனுப்புவதில்லை. கறி விருந்து உண்டு, ஊர் முக்கில் பிளெக்ஸ் உண்டு. குமரேசனின் அம்மா பாக்கியம், வெற்றிலை பாக்கோடு கடைக்கே வந்து எங்களை அழைத்தார். அவர் போனதும் அக்கா என்னிடம், "பேப்பரெல்லாம் பாத்தியாடி?" என்று கேட்டார். "பாத்துட்டேன்க்கா, எல்லாம் சரியா இருக்கு" என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அக்கா விருந்துக்குப் போனார். குமரேசனின் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டும் வந்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பாக்கியம் கடைக்குள் ஓடிவந்தார். குமரேசனை ஒரு கட்டடத்துக்குள் அடைத்து, போனில் நம் ஊர் ஆட்களையே ஏமாற்றும் வேலையில் உட்காரவைத்திருக்கிறார்கள். மறுத்தால் அடி. திருட்டுத்தனமாகப் பேசிய இரண்டு நிமிடத்தில் மகன் இவ்வளவும் சொல்லியிருக்கிறான். அவன் வீட்டில் விட்டுப்போயிருந்த கேள்வி பதில் தாளின் நகலை மேசையில் எறிந்து, "இது யாரு அடிச்சுக் குடுத்தது?" என்று கேட்டார் பாக்கியம். அக்கா அதை முழுதாகப் படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரிடம் சொன்னார்: "எங்க கடையில அடிச்சதுதான்."

"எவ்வளவு கமிஷன் வாங்குன? எங்க வீட்டுல ஒக்காந்து சோறு தின்னுட்டுப் போனவதானே நீ?" என்று ஆரம்பித்த பாக்கியம், தெருவே கூடி நிற்கும்வரை ஓயவில்லை. மண்ணை வாரியும் தூற்றினார். அக்கா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எல்லாரும் போனபின், "சம்பளம் குடுக்குறவ நான், பேச்சு வாங்குறவளும் நான்தான். நீ போயி மொகத்தக் கழுவு" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

திங்கள்கிழமை தோறும் அக்கா பாக்கியத்தோடு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு, போலீசில் மனு, தூதரகத்துக்கு மனு. ஒவ்வொன்றையும் அவரே அடித்தார், என்னிடம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் அக்காவின் பக்கத்தில் உட்காராமல் பாக்கியம் தள்ளிப் போய்விடுவாராம். "அது கெடக்கு. மனுவுல கையெழுத்துப் போடுதுல்ல, அது போதும்" என்பார் அக்கா. கடைக்கு ஆள் வருவது குறைந்தது. ஏழெட்டு மாதம் கழித்துக் குமரேசன் திரும்பி வந்தான். போகும்போது விமான நிலையத்தில் அதிகாரி இரண்டு முறை கேட்டபோது, உண்மையைச் சொல்லித் திரும்பிவிடலாமா என்று நினைத்தானாம். ஊர் முக்கில் பிளெக்ஸ் இருக்கிறதே, எந்த முகத்தோடு திரும்புவது என்று என் தாளையே ஒப்பித்திருக்கிறான்.

அடக்கத்துக்கு அம்மாவும் மகனும் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்ற பாக்கியத்திடம் போனேன். "அந்தப் பேப்பர அடிச்சது நான்தாம்மா. அக்கா அப்ப ஊர்லயே இல்ல. பாத்தியான்னு கேட்டாங்க, சரியா இருக்குன்னு நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தம்மாவ நான் பேசுன பேச்செல்லாம்?" என்று கேட்டார்.

மண் போடக் கூப்பிட்டார்கள். போய் ஒரு பிடி மண் போட்டேன்.

அக்கா போனபின் எனக்கு மிஞ்சியது பாக்கியத்தின் அந்தக் கேள்விதான். கமிஷன் வாங்கியவர் என்று அவரைப் பேசியவர்கள், கடைக்கு வருவதை நிறுத்தியவர்கள், இன்று இந்தப் பூசையிலும் இருப்பீர்கள். அந்தப் பேச்செல்லாம் எனக்குச் சேர வேண்டியது. கடை திறந்துதான் இருக்கிறது. வந்து என்னைத் திட்டுங்கள்.