அப்பா சாப்பிடும் இடம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அதுவரை எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிறவர் அவர்தான். மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்து முள்ளுக்குறிச்சிப் பக்கம் லாரி ஓட்டி இறங்குவார். வளைவுகளில் கண் சொக்காமல் இருக்கக் கடவாயில் புகையிலையை ஒதுக்கிக்கொள்வார். அந்த வாசனையைத்தான் நான் அப்பாவின் வாசனை என்று நினைத்திருந்தேன். வண்டிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், வீட்டுக்குள்ளும் அப்படியே கேட்கும்.

முதலில் கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது. சூட்டுப் புண் என்று தேங்காயெண்ணெய் தடவினார். ரசம் எரிகிறது என்றார். காதுக்குள் வலிக்கிறது என்றார். பிறகு வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. "பல்லுக் கோளாறா இருக்கும்" என்று சொல்லியே ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிட்டார். சேலத்தில் காட்டியபோது கன்னத்தின் ஒரு பகுதியையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதன்பின் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள்; ஊரில் அதற்குக் கரண்ட் வைப்பது என்று பெயர். எங்கள் வீட்டில் அடிக்கடி நின்றுபோகும் அதே கரண்ட்தான் என்று எண்ணி, அப்பா இனி இருட்டில் பல்பு மாதிரி எரிவார் என்று காத்திருந்தேன்.

திரும்பி வந்தவர் எரியவில்லை. பாதியாக மெலிந்திருந்தார். எச்சில் ஊறாததால் எப்போதும் கையில் ஒரு தண்ணீர் பாட்டில். சொற்கள் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அம்மாவுக்குப் பாதி புரியும். புரியாததை மறுபடி கேட்டால், கையை உதறிவிடுவார். சித்தப்பா ஒருமுறை வந்து வாசலிலேயே நின்றார். அம்மா கொடுத்த காபியைத் தொடாமல் போனார். பிறகு மற்றவர்களும் வருவதை விட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அப்பா கஞ்சியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவார். காபிச் செடிகளுக்கு நடுவே கிடந்த ஒரு கல்லில், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். நான் போனால் கையை வீசித் துரத்துவார்.

"அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா?"

"கோவமெல்லாம் இல்ல கண்ணு. அவரு நிம்மதியாக் குடிக்கட்டும், உடு."

நான் நம்பவில்லை. லாரியை விட்டு இறங்கியதும் என்னைத் தேடுகிறவர், இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்கிறார். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஒரு நாள் அம்மா மிளகு பறிக்கக் கூலிக்குப் போயிருந்தாள். வீட்டுக்குள் என் தட்டோடு தனியாக இருந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

"அப்பா, நான் உங்களப் பாக்க மாட்டேனுங்க. உள்ளாற ஒருத்தியா இருக்க முடியலைங்க."

அவர் கையை வீசுவதற்குள் அதே கல்லில் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டேன். அவர் முதுகெலும்பு என் முதுகில் குத்தியது. உறிஞ்சும் சத்தமும், கஞ்சி சிந்தும் சத்தமும், துண்டால் துடைப்பதும் கேட்டன. நான் பள்ளிக்கூடக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அந்த முதுகு விறைத்துத் தளர்ந்தது. கதையைக் கவனமாகக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா வேலைக்குப் போகும் நாளெல்லாம் அப்படியே சாப்பிட்டோம்.

ஒரு மத்தியானம் என் கதைக்கு நடுவே அப்பா பேசினார். நீளமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதில் "கண்ணு" என்பது மட்டும் புரிந்தது. முடிவில் குரல் சற்று உயர்ந்தது, ஏதோ கேட்கிறார். புரியவில்லை என்றால் அம்மாவிடம் செய்வதுபோலக் கையை உதறிவிடுவாரே என்று பயந்தேன்.

"சரிங்கப்பா" என்றேன்.

அவர் அதையே இன்னொரு முறை கேட்டார்.

"சரிங்கப்பா. கண்டிப்பா."

திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, என் தலையைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கேயே வைத்திருந்தார். பிறகு மீதிக் கஞ்சியை முழுவதும் குடித்தார்.

அடுத்த மழைக்கு அவர் இல்லை.

அவர் என்ன கேட்டிருப்பார் என்று வளர்ந்தபின் அம்மாவிடம் விசாரித்தேன். அவளுக்கும் தெரியவில்லை. நான் ஒத்துக்கொண்டது எதற்கு என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. அப்பாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதே அந்த மத்தியானம் எனக்குத் தெரியாது. அவர் கை தலையைவிட்டு எடுபட்டதும், விட்ட இடத்திலிருந்து பள்ளிக்கூடக் கதையைத் தொடர்ந்தேன்.