உடன்பிறந்த பீப்பாய்கள்

பாட்டிலின் கழுத்தை உருகிய அரக்கில் முக்கி, அரைச் சுற்று திருப்பி, மேலே தூக்குகின்றன எஃபியின் கைகள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அரக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது. நானும் இதே அரக்கைத்தான் வாங்குகிறேன். பாதி என் மேசையில்தான் இருக்கும்.

எஃபி கெடஸ், ராத்தஸ் தெருவில் எனக்கு எதிர்க்கடைக்காரி. இருவருக்கும் ஒரே தொழில். நாங்கள் விஸ்கி வடிப்பவர்கள் அல்ல. வடிசாலைகள் விற்கிற சிங்கிள் மால்ட் பீப்பாய்களை ஒவ்வொன்றாக வாங்கி, எதனோடும் கலக்காமல், சொந்தப் பெயர் ஒட்டி விற்பவர்கள். பீப்பாயைத் தேர்ந்தெடுக்கும் மூக்குதான் பிழைப்பு.

அந்த மூக்கை அவள் பேணுவது ஊருக்கே வேடிக்கை. பாட்டிலில் அடைக்கிற வாரம் சோப்பு கிடையாது. ஓட்ஸ் தவிட்டால் கை கழுவுவாள். வெங்காயம் வீட்டுப் படியேறாது. புகையிட்ட மீனுக்கு ஏங்கிய கணவனிடம், "வேணும்னா பஸ் ஏறி எல்ஜினுக்குப் போய்த் தின்னுட்டு வா. வந்து கொட்டகையில படு" என்றாள். அவன் போய்த் தின்றுவிட்டு வந்து, கொட்டகையில் படுத்துக்கொண்டான். எதையும் இடது மூக்கால்தான் முகருவாள். வலது மூக்குக்கு என்ன? "அது முகஸ்துதி பண்ணும்."

இதை இப்படியே சிரித்துக்கொண்டு எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். போன ஜனவரி மட்டும் வராமல் இருந்திருந்தால்.

மலைக்கு அந்தப்பக்கத்து வடிசாலை ஒன்று அப்போது இரண்டு பீப்பாய்களை விற்றது. ஒரே வடிப்பில் நிரப்பி, கிடங்கில் இருபது வருடம் அடுத்தடுத்துக் கிடந்தவை. லேபிளில் வடிசாலையின் பெயரைப் போடக் கூடாது என்ற வழக்கமான நிபந்தனையோடு ஆளுக்கொன்று. யார் முதலில் எடுப்பது? காசு சுண்டினோம். நான் ஜெயித்தேன்.

கிடங்கில் மூச்சு புகையாக வந்தது. பீப்பாய்க்கு ஒன்றாக ஊற்றித் தந்த இரண்டு கோப்பைகளையும் முகர்ந்தேன். ஒன்றில் தேனும் பேரிக்காயும். மற்றதில் அணைந்த தீக்குச்சி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தேனைக் கைகாட்டினேன்.

"நீதானே ஜெயிச்ச, முதல்ல நீயே எடு" என்ற எஃபி, நான் வேண்டாமென்று தள்ளிய கோப்பையைக் கோட்டுக்குள் அக்குளருகே வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்து ஒரு கிண்ணம் பார்லி சூப்பை நிதானமாகக் குடித்தாள்.

"என்ன எஃபி, அடைகாக்கிறியா?" என்றேன். கிடங்கே சிரித்தது.

"இந்தக் குளிர்ல யாரு வாயைத் திறப்பா, டூகல்? உன்னைத் தவிர."

சூப் முடிந்ததும் கோப்பை வெளியே வந்தது. முகர்ந்தாள். என்னிடம் நீட்டினாள். அவள் உடம்புச் சூட்டில் தீக்குச்சியைக் காணோம். ஆரஞ்சுத் தோல், எண்ணெய் போட்ட சேணம், மழை விட்ட பிறகு வைக்கோல் போர். அவள் திருடியிருந்தால் திட்டலாம். நான் கழித்ததை எடுத்துக்கொண்டவளை என்ன சொல்லித் திட்டுவது?

எங்கள் ஊர் இம்லாக்கின் மதுவிடுதியில் குளிர்காலம் முழுக்க ஒரே பீப்பாய்ச் சரக்குதான் ஓடும். இதுநாள்வரை அது என்னுடையது. அதை வைத்துத்தான் என் கடை திறந்திருக்கிறது. இந்த வருடம் அவர், "ரெண்டு பேரும் கொண்டாங்க, குடிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றுவிட்டார். எஃபி இப்போது அரக்கு வைப்பது, நான் கழித்த பீப்பாயிலிருந்து அவருக்காக அடைத்த பாட்டிலுக்குத்தான்.

அரக்கு இறுகியதும் சேர்ந்தே கிளம்பினோம். தெருவெல்லாம் பனி. விடுதி ஊரின் மறுகோடியில். என் பாட்டில் மரப்பெட்டியில், வைக்கோல் மெத்தைமேல். அவளுடையது கோட்டுக்குள். பாதி வழியில் நின்றாள்.

"அதைக் குடு."

"எதை?"

"உன் பாட்டிலை. பெட்டிக்குள்ள வெறச்சுப் போயிருக்கும். அதைத் தோக்கடிச்சா எனக்கென்ன பெருமை?"

"நீதான் ஜெயிப்பேன்னு முடிவே பண்ணிட்டியா?"

"நீ இன்னும் பண்ணலியா, மனுஷா?"

பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அது அவளுடைய மறு அக்குளுக்குப் போயிற்று. இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு வாத்து மாதிரி அவள் முன்னால் நடந்தாள். காலிப் பெட்டியோடு நான் பின்னால்.

இம்லாக் விடுதி மேசைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினார். "எங்க, சரக்கைக் காட்டுங்க பாப்போம்."

எஃபி பொத்தான்களைக் கழற்றி இரண்டு பாட்டில்களையும் எடுத்தாள். தன்னுடையதை மேசையில் வைத்தாள். என் பாட்டிலின் கழுத்தில் வழிந்து உறைந்திருந்த அரக்குச் சொட்டை நகத்தால் சுரண்டிச் சமமாக்கினாள். கோட்டு நூல் ஒன்று ஒட்டியிருந்தது; கிள்ளிப் போட்டாள்.

"முதல்ல டூகலோடது" என்று சொல்லி, என் பெயர் அவர் பக்கம் தெரியும்படி பாட்டிலைத் திருப்பி, அவர் கையில் கொடுத்தாள்.