பத்தியம் இருந்த சுண்டெலிகள்

திமிர் பிடித்தவள் என்று என்னை முதன்முதலில் சொன்னவர் எங்கள் ஆய்வுக்கூடத்தின் துறைத்தலைவர். அதற்கு முன்பு வீட்டில் வாயாடி என்பார்கள், பள்ளிக்கூடத்தில் அடங்காப்பிடாரி என்பார்கள். திமிர் என்ற பட்டம் தில்லியில்தான் கிடைத்தது. அதை எனக்கு வாங்கித் தந்தவை சில சுண்டெலிகள். பட்டத்தை நான் இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கும் உத்தேசமும் இல்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. அப்பா மத்திய அரசில் கிளார்க். திருநெல்வேலியிலிருந்து வந்து ஆர்.கே.புரத்தில் இரண்டு அறை குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் மருந்தியலில் ஆராய்ச்சி மாணவி. நிலவேம்பு புற்றுக்கட்டியின் வளர்ச்சியைத் தடுக்குமா என்பது என் கேள்வி. ஊரில் காய்ச்சலுக்குக் குடிக்கிற அதே நிலவேம்புதான். பழைய தில்லியில் காரி பாவ்லி கடைகளில் ‘சிராயதா’ என்று கேட்டால் வேறொரு செடியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ‘கால்மேக்’ என்று கேட்க வேண்டும். இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வதற்குள் எனக்கு இரண்டு மூட்டை வீணாகிவிட்டது.

செடியைக் காயவைத்துப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வற்றவிட்டால் கரும்பச்சையாகப் பிசின் போல ஒன்று மிஞ்சும். விரலில் பட்டுவிட்டால் மத்தியானம் சாப்பிடுகிற தயிர்சாதம்கூடக் கசக்கும். அதை எலிக்கு எப்படிக் கொடுப்பது? முறைப்படி, முனை மழுங்கிய வளைந்த ஊசியை வாய்க்குள் விட்டு நேரே இரைப்பையில் இறக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. சின்ன வயதில் அம்மா என்னைக் காலுக்கிடையில் அமுக்கி, மூக்கைப் பிடித்து, சங்கில் விளக்கெண்ணெய் ஊற்றியதை என் தொண்டை இன்னும் மறக்கவில்லை. அப்படி வளர்ந்த தமிழ்ப் பெண் செய்யக்கூடிய தப்பைத்தான் நான் செய்தேன். எலிகளின் தீனி மாவில் மருந்தைக் கலந்து உருண்டை பிடித்து வைத்துவிட்டேன். தானாகவே தின்னட்டும், பாவம் என்று இருந்தது. துறைத்தலைவர் பார்த்துவிட்டு நல்ல யோசனை என்றார்.

எலியின் தொடையில் புற்றுச் செல்களை ஊசியால் செலுத்துவோம். சில நாளில் கட்டி தெரியும். அதை வெர்னியர் அளவுகோலால் தினமும் அளப்பேன். ஒரு கூண்டுக்குச் சாதாரண தீனி, இன்னொரு கூண்டுக்கு நிலவேம்பு உருண்டை. மூன்றாவது வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. சாதாரண தீனி தின்றவற்றின் கட்டி சுண்டைக்காயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நிலவேம்புக் கூண்டில் எல்லாம் மிளகளவிலேயே நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

துறைத்தலைவர் கும்பகோணத்துக்காரர். தமிழ்ப் பெண் என்பதற்காகவே என்னைச் சேர்த்துக்கொண்டதாக அடிக்கடி நினைவூட்டுவார். என் வரைபடத்தைப் பார்த்தவுடன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூலிகை ஆராய்ச்சிக்கென்று தனிப் பிரிவு கேட்டு அவர் அமைச்சகத்துக்கு எழுதியிருந்தார். அதற்காக ஒரு குழு வரவிருந்தது. “ஏம்மா, இந்த ஒரு கிராஃப் போதும். கமிட்டி வாயைத் திறக்காது” என்றார்.

அப்பா என்னைவிட மோசம். கிருத்திகையன்று ஆர்.கே.புரத்து முருகன் மலைக்கோயில் படிக்கட்டில் கண்ணில் பட்ட தமிழர்களையெல்லாம் பிடித்து, “எம் பொண்ணு புத்துநோய்க்கி மருந்து கண்டுபிடிச்சிட்டா, தெரியுமா?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் பலமாக இழுக்கவில்லை. கேட்க இனிக்கத்தான் செய்தது. அந்த இனிப்புக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஏனென்றால் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களில் எங்கள் எதிர்வீட்டு அத்தையும் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். மார்பில் கட்டி வந்து அறுவை செய்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வாராவாரம் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து நடந்ததற்குக் காரணம் விலங்கறைப் பணியாளர். ஐம்பது வயதைத் தாண்டிய கர்வால்காரர். இந்தி வழக்கப்படி பையா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். கூண்டுகளைக் கழுவுவதும் உமி மாற்றுவதும் அவர் வேலை. நவராத்திரி நாளில் அவரே விரதம் இருந்துகொண்டு, கூண்டைத் தட்டிக்காட்டி என்னைக் கேட்டார்.

“மேடம்ஜி, இன்கா பீ வ்ரத் சல் ரஹா ஹை க்யா?”

இந்த எலிகளும் விரதமா என்று கேட்கிறார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூண்டின் அடியிலிருந்து ஒரு பிடி உமியை அள்ளி என் கையில் கொட்டினார். உமி பாதி, மாவுத்தூள் பாதி. எலிகள் உருண்டையைக் கொறித்துப் பார்த்து, கசந்ததும் உதறிக் கீழே தள்ளியிருந்தன. கிண்ணம் காலியானதை மட்டும் பார்த்து, எல்லாம் தின்றுவிட்டன என்று நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எலிகள் மெலிந்தது தெரியும். நோயால் மெலிகின்றன என்று எண்ணிக்கொண்டேன். படித்த நான் கிண்ணத்தைப் பார்த்தேன், பையா குப்பையைப் பார்த்தார்.

என் மனதில் எழுந்த சொல் விரதம் அல்ல, பத்தியம். எங்கள் ஊரில் மருந்து கொடுத்தால் கூடவே பத்தியம் சொல்வார்கள். புளி கூடாது, எண்ணெய் கூடாது, வாயைக் கட்டு என்பார்கள். நோய் தீர்ந்தால் பெயர் மருந்துக்குப் போய்விடும். பத்தியம் ஏதாவது செய்ததா என்று யாரும் கேட்பதில்லை. உடம்புக்குத் தீனி குறைந்தால் கட்டிக்கும் தீனி குறையும் அல்லவா? என் கூண்டில் வேலை செய்தது எது?

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான். புதிதாக ஆரம்பித்து மூன்றாவது கூண்டு ஒன்று வைத்தேன். அதற்கு நிலவேம்பு கிடையாது. நிலவேம்புக் கூண்டு முந்தைய நாள் உண்மையிலேயே எவ்வளவு தின்றதோ, உமியைச் சலித்து எடை போட்டு, அதே அளவு சாதாரண தீனி. பையாதான் சலித்துக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அளந்தேன். மூன்றாவது கூண்டிலும் கட்டிகள் மிளகளவிலேயே இருந்தன. வெறும் பட்டினி. மருந்து என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

மூன்று கூண்டுகளின் கணக்கையும் துறைத்தலைவரிடம் கொண்டுபோய் வைத்தேன். படித்துவிட்டுக் கேட்டார்.

“தீனியில கலந்தது யாரும்மா?”

“நான்தான் சார்.”

“அப்ப தப்பு உன்னோடது. உன் தப்பை நீயே தண்டோரா போடப் போறியா?”

“தெரிஞ்சப்புறம் எப்படி சார் சொல்லாம இருக்கிறது?”

“கமிட்டி வந்துட்டுப் போகட்டும். செக்‌ஷன் வரட்டும். அப்புறம் நிதானமா திரும்பப் பண்ணு. அதுவரைக்கும் அந்த மூணாவது கூண்டை நீயும் பாக்கல, நானும் பாக்கல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உன் ஃபெலோஷிப் ரினியூவல் என் மேஜை மேலதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ.”

பயந்தேன். அதை மறைப்பானேன்? மூன்று வருட வேலை. அப்பா ஊரெல்லாம் தமுக்கடித்திருந்தார். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, பிரிவு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். அந்தச் சமாதானம் எங்கள் மாடிப்படி வரைக்கும்தான் தாங்கியது. படியில் கால் வைத்ததும் நிலவேம்புக் கஷாய வாடை அடித்தது. எதிர்வீட்டிலிருந்து வந்தது.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். “வா கண்ணு. உங்கப்பாதான் வாங்கியாந்து குடுத்தாரு. ஒரு மாசமாக் குடிக்கறேன். கசப்புதான், ஆனா வயித்த ஒண்ணும் பண்றதில்ல பாரு.”

“ஊசி?”

“ரெண்டு வாரமாப் போகலீங் கண்ணு. அந்த ஊசியப் போட்டா நாலு நாளைக்கு வாந்தி. இனி எதுக்கு? அதான் நீயே கண்டுபுடிச்சுட்டியே.”

மேஜை மேல் இருந்த ஃபெலோஷிப்பும் கமிட்டியும் அந்த வாசலில் எங்கே போயின என்றே தெரியவில்லை. “நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலை அத்தை” என்றேன். எலிகள் கசப்பைத் தின்னாமல் கிடந்ததையும், பட்டினியால் கட்டி வளராமல் நின்றதையும், தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். அப்பா எங்கள் வீட்டிலிருந்து எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

“ஏளா, இப்ப எதுக்கு அவுககிட்ட இதையெல்லாம் சொல்லுத? மனசு ஒடஞ்சிராதா?” என்றார்.

“உடையட்டும்ப்பா. மலைக்கோயில்ல சொல்லும்போது உங்களுக்கு யோசனை வந்ததா?”

அப்பாவிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம்தான் இருந்தது. கையிலிருந்த நம்பிக்கையைப் பிடுங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது?

“கட்டி சின்னதா நின்னுதல்லோ? அப்ப அந்த எலிக பொழச்சுதுல்ல?” என்றார்.

“பிழைக்கலை அத்தை. எல்லாம் செத்துப்போச்சு. மத்த எலிங்க செத்த அதே வாரத்துல செத்துப்போச்சு. கட்டி சின்னதா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

அவர் உள்ளே போனார். அடுப்பிலிருந்து பாத்திரத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். “நீயே கொட்டிப்போடு” என்றார். கொட்டினேன். சாக்கடைப் பக்கம் பச்சையாக ஓடியது. “நாளைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் திட்டிய திட்டை இருவரும் சேர்ந்து வாங்கிக்கொண்டோம். போகும்போதும் வரும்போதும் அத்தை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கமிட்டி அடுத்த வாரம் வந்தது. துறைத்தலைவர் இரண்டு கோடுகள் கொண்ட வரைபடத்தைக் காட்டி அழகாகப் பேசினார். ஒருவர் மட்டும், எலிகளின் எடை என்ன ஆயிற்று என்று கேட்டார். துறைத்தலைவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் மூன்று கோடு போட்டேன். மூன்றாவது கோடு இரண்டாவதன் மேலேயே படுத்துக்கொண்டது. “தீனியில் கலந்தது என் தப்பு. இது மருந்தின் வேலை இல்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பத்தியம் என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் ஒரு நிமிடம் திணறினேன். கடைசியில் பட்டினி என்றே சொல்லி உட்கார்ந்தேன். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது.

அவர்கள் போனதும் துறைத்தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். “உனக்குத் திமிரும்மா” என்றார்.

“ஆமாம் சார்” என்றேன்.

பிரிவு வரவில்லை. என் ஃபெலோஷிப் தாளில் அவர் கையெழுத்தும் போடவில்லை. சில மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் நண்பர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து, பெரியவர்களை அனுசரித்துப் போக வேண்டும் என்று புத்தி சொன்னார்கள். அவர்களுக்கு அம்மா காப்பி கொடுத்தாள், நான் கொடுக்கவில்லை. பிறகு அதே கட்டடத்தில் வேறொரு பேராசிரியை என்னை எடுத்துக்கொண்டார். முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை வளைந்த ஊசிதான். ஒவ்வொரு எலியின் வாயைத் திறக்கும்போதும் எனக்கு விளக்கெண்ணெய் ஞாபகம் வந்தது. இருந்தாலும் இறக்கினேன். எலிகள் நன்றாகத் தின்றன, கட்டியும் நன்றாக வளர்ந்தது. அந்த அளவில், அந்த எலிகளில், அந்தச் சாறு எதையும் தடுக்கவில்லை என்று எழுதி டாக்டர் பட்டம் வாங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுவதற்கா இத்தனை வருடம் என்று ஒரு சித்தப்பா கேட்டார். ஆமாம், அதற்குத்தான் என்றேன்.

எதிர்வீட்டு அத்தை ஊசிகளை முடித்தார். முடி கொட்டியது, பிறகு முளைத்தது. அந்த குவார்ட்டர்ஸில் இருந்த வரைக்கும் என்னோடு சண்டை போடுவதும் சாம்பார் கொடுத்தனுப்புவதுமாக இருந்தார். அடுத்த வருடக் கிருத்திகைக்குத் தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு எங்களோடு மலைக்கோயில் வந்தார். அதே படிக்கட்டு. அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். தெரிந்தவர் ஒருவர், மருந்து கண்டுபிடித்த பெண் இவள்தானே என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

“மருந்தெல்லாம் ஒண்ணுமில்லீங்” என்றார். “என்ற கஷாயத்தக் கீழ கொட்டுன புள்ள இவதான்.”