ராணியம்மாளின் ஏற்ற இறக்க ரயில்

ராணியம்மாள் நிலக்கடலை பிடுங்கத்தான் லாயக்கு என்று கீழ்பென்னாத்தூரில் அவள் புகுந்த வீட்டார் சொல்வார்களாம். எனக்குத் தெரிந்து அவள் கை வைத்த கடலையெல்லாம் என் கடையில் வறுத்து வைத்த கடலைதான். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் நான் பொரிக்கடை போடுவேன். எதிரே அவளும் அவள் புருஷன் அர்ஜுனனும் ரயில் போடுவார்கள். பேச்சு வாக்கில் அவள் கை என் கடலைத் தட்டுக்கு வந்துவிடும். ஒருநாளும் வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

ரயில் என்றால் நிஜ ரயில் இல்லை. கல்குவாரியில் தள்ளுவண்டி ஓடிய பழைய தண்டவாளத்தை வாங்கி வந்து, அர்ஜுனன் சவுக்குக் கம்பு கட்டி அதன்மேல் வட்டமாகப் போட்டிருந்தான். ஓரிடத்தில் செங்குத்தாக ஏறும். உச்சிக்குப் போனதும் அலையலையாக இறங்கிக்கொண்டே வந்து புறப்பட்ட இடத்தில் நிற்கும். கொக்கி போட்டு இணைத்த நாலு பெட்டி. கூலி ஆட்கள் ஏற்றத்தில் கயிறு கட்டி இழுப்பார்கள். அவர்கள் நாக்கு தள்ளி உச்சிக்கு வருவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. இறக்கத்தில் அது பாட்டுக்குத் தானே போகும். சனங்கள் அதற்கு ஏத்த எறக்கம் என்று பெயர் வைத்தார்கள்.

ஐம்பத்து மூன்றில் முதல் தடவை போட்டபோது கூட்டம் அம்மியது. மறு வருடம் பாதி ஆள்தான். "போன வருசமே ஏறிட்டோம்" என்று சொல்லிவிட்டு என் கடையில் பொரி வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு நல்லதுதான், அவர்களுக்குத்தான் கஷ்டம்.

அங்கேதான் ராணியம்மாளின் கைவரிசை ஆரம்பித்தது. மூன்றாம் வருடம் பெட்டிகளுக்கு மயில் தலை முளைத்தது. சனங்கள் புது ரயில் என்று ஏறினார்கள். ரஷ்யாக்காரன் வானத்தில் நாயை அனுப்பிய சேதி வந்ததோ இல்லையோ, மயிலின் கழுத்தைச் சீவி ராக்கெட் ஆக்கினாள். முன்பெட்டியில் ஒரு துணி நாயும் உட்கார்ந்திருந்தது. சீனாக்காரனோடு சண்டை வந்த வருடம் ராக்கெட்டுக்கு இறக்கை முளைத்து ஏரோப்ளேன் ஆனது. உள்ளே இருப்பது அதே குவாரி வண்டி, அதே கிரீச் சத்தம். ஊரையே ஏமாற்றுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒவ்வொரு வருடமும் அவள் மூடி வைத்த சாக்கை விலக்கிக் காட்டுவதற்குள் முதல் ஆளாக எட்டிப் பார்க்கிறவனும் நான்தான்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காது. யாராவது ரயிலைப் புகழ்ந்தால் அர்ஜுனன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தண்டவாளம் நான் போட்டது. அவ சாயம் பூசறவ" என்பான். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். எனக்குத்தான் கோபம் வரும்.

அறுபத்து மூன்றில் ஏரோப்ளேனும் சலித்துவிட்டது. பெட்டிகள் காலியாக ஓடின. அர்ஜுனன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"அடுத்த தீபம்தான் கடைசி. அதுலயும் கூட்டம் கம்மின்னா தண்டவாளத்த எடைக்குப் போட்டுட்டு ஊருக்குப் போறோம். கடல வெதைக்கிறோம்."

அன்றைக்கு என் கடைக்கு வந்தவள் கடலையைத் தொடவில்லை. "அண்ணே, நான் அந்தக் கடலக் கொல்லைக்குத் திரும்பிப் போவ மாட்டேண்ணே. அங்க போனா செத்துடுவேன்" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அறுபத்து நான்கு தீபத்துக்கு அவள் வட்டத்தின் நடுவே அண்ணாமலையையே கட்டிவிட்டாள். ஏரோப்ளேன் இறக்கைகளை அறுத்து உள்ளே சட்டம், மேலே மூங்கில், அதன்மேல் சாக்கு, செம்மண் பூச்சு, உச்சியில் கொப்பரை விளக்கு. ரயிலில் மலையைச் சுற்றி வரலாம், கால் வலிக்காது என்று தமுக்கு அடித்தார்கள். கொடியேற்றத்தன்றே மைதானம் நிரம்பிவிட்டது. அர்ஜுனனே வாயைப் பிளந்தான்.

பெட்டிகள் நிறைந்தன. கயிறு இழுபட்டது. பாதி ஏற்றத்தில் முன்பெட்டியிலிருந்து ஒரு குரல்.

"நிறுத்து! நிறுத்துய்யா!"

அடி அண்ணாமலைக் கிராமத்துச் சந்திரம்மாள். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவள்.

"மல எந்தக் கைப்பக்கம் இருக்குது பாரு. இடது கைப்பக்கம்! மலைக்கு இடம்போறியே, நீ உருப்படுவியா?"

எல்லோரும் பார்த்தார்கள். மலை இடது கைப் பக்கம்தான் இருந்தது. மயிலில் போனபோது, ராக்கெட்டில் போனபோது, ஏரோப்ளேனில் போனபோது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம் என்று ஒருத்தருக்கும் கவலையில்லை. நடுவில் மலை வந்ததும்தான் வினை வந்தது. இந்த ஊரில் மலைக்கு இடமாகப் போகிற ரயிலில் யார் உட்காருவார்கள்? பெட்டிகளைக் கீழே விடச் சொல்லி மளமளவென்று இறங்கினார்கள். இறங்கிப் போனாலும் பரவாயில்லை. ரயிலை வலமாக நடந்தே சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கட்டி கற்பூரமும் ஏற்றிவிட்டுப் போனார்கள். நாளெல்லாம் இதே கதை. மலைக்கு நல்ல கூட்டம், ரயிலுக்கு ஆளில்லை.

"மலைய எடுத்துடு. பழசையே மாட்டு" என்றான் அர்ஜுனன்.

"பழசு எங்க இருக்குது? அத அறுத்துத்தானே மலையே கட்டினேன்."

"அப்ப சாக்கையாவது உரி!"

கூலி ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். "அண்ணாமலைய எங்க கையால இடிக்கச் சொல்றீங்களா? வேற ஆளப் பாத்துக்குங்க." அர்ஜுனன் தானே அரிவாளை எடுத்துக்கொண்டு போனான். மலையடியில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைப் பார்த்தான். அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டு வந்தான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நல்லவேளை, அவன் பார்க்கவில்லை.

ஓட்டவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ராணியம்மாள் மலையைச் சுற்றிச் சுற்றி வந்தாள், வலமாகத்தான். தேரன்று காலையில் அர்ஜுனன் எதிரே வந்து நின்றாள்.

"பெட்டிய எல்லாம் திருப்பி வைங்க. வந்த வழியிலயே திருப்பி ஓட்டுவோம். எறங்கற பக்கம் ஏறட்டும், ஏறற பக்கம் எறங்கட்டும். மல வலது கைக்கு வந்துடும்."

"பைத்தியமாடி உனக்கு? அந்த ஏத்தத்துல எறங்கினா கொடல் வாய்க்கு வந்துடும்."

"வந்தா முழுங்கிக்கலாம். இத்தினி வருசமா சாயம் பூசறவன்னு சொன்னீங்க, நான் வாயத் தொறக்கல. இந்த ஒரு தபா தண்டவாளத்துலயும் என் பேச்சக் கேளுங்க."

அவன் அவளையே பார்த்தான். பிறகு கொக்கியைக் கழற்றப் போனான்.

ஊரே தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் பெட்டிகளைத் திருப்பினோம். பிரேக் கட்டையை மாற்றியடித்து, செங்குத்துச் சரிவின் அடிக்கு அப்பால் மாட்டுச் சந்தை வைக்கோலைக் குவித்தோம். முதலில் மணல் மூட்டைகள் போயின. பிரேக் பிடித்தது, மூட்டைகள் பத்திரமாக வந்தன. "அடுத்தது நான்" என்று ராணியம்மாள் ஏறினாள். பக்கத்து இடம் காலி. அர்ஜுனனுக்குப் பிரேக் வேலை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடலைக்காரனுக்கு இது தேவையா? ஏறித் தொலைத்தேன்.

ஏற்றம் சுகமாக இருந்தது. ஆட்கள் பேசிக்கொண்டே இழுத்தார்கள், ஒருத்தருக்கும் நாக்கு தள்ளவில்லை. வலது கைப் பக்கம் செம்மண் மலை மெதுவாக நகர்ந்தது. உச்சியில் ஒரு நொடி நின்றது. அப்புறம் எனக்குக் கீழே ஒன்றுமே இல்லை. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று கத்தியது நான்தான் என்கிறார்கள். பக்தியில் கத்தவில்லை, சத்தியமாகப் பயத்தில்தான் கத்தினேன்.

வைக்கோலுக்கு முன்னாலேயே பெட்டி நின்றுவிட்டது. ராணியம்மாளின் கொண்டை அவிழ்ந்து தொங்கியது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏங்க, இத்தினி வருசமா இத நாம பின்பக்கமா ஓட்டிக்கினு இருந்திருக்கோங்க!"

தேர் பார்த்துவிட்டு வந்த கூட்டத்தில் சந்திரம்மாளும் இருந்தாள். மலை எந்தப் பக்கம் என்று கையை நீட்டிச் சரிபார்த்துவிட்டு ஏறினாள். இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை, திரும்ப வரிசையில் போய் நின்றாள். அன்றைக்கு அந்த மைதானத்தில் அரோகரா ஓயவே இல்லை. என் கடையில் பொரி வாங்க ஆளில்லை. அதைப் பற்றியும் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அது நிலைக்கவில்லை.

கடைசி நாள் செங்கம் பக்கத்து ஆசாமி ஒருவர், பேத்தியோடு ஏறி இறங்கியவர், அர்ஜுனனைத் தட்டிக்கொடுத்தார். "பலே! தண்டவாளம் யார் போட்டது?"

அர்ஜுனன் வழக்கம்போல் நெஞ்சை நிமிர்த்தினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"போட்டது நான்தான்" என்றான். "ஆனா எந்தப் பக்கம் ஓடணும்னு எனக்குத் தெரியல. அவதான் கண்டுபிடிச்சா."

ராணியம்மாளுக்கு அது கேட்டது. அவள் நேரே என் கடைக்கு வந்து, கை நிறையக் கடலையை அள்ளிக்கொண்டு போய், பாதியை அவன் கையில் கொட்டினாள். அந்தப் பொங்கலுக்கே கீழ்பென்னாத்தூர்க் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்.