வாள்பிடியில் ஒரு வாய்

குவைத்தில் நர்ஸாக இருந்த என் சித்தி, வருவதாகச் சொல்லாமலே ஒரு காலையில் மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்கு அவள் ஒரே தங்கை. எப்போது வந்தாலும் சாக்லேட், சென்ட், எனக்குக் கவுன் என்று பெட்டிகள் நிறையக் கொண்டுவருகிறவள், அந்த முறை ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். அதற்குள் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று கருப்பாக இருந்தது.

ஒரு வாளின் பிடி. வாள் இல்லை, பிடி மட்டும். எருமைக்கொம்பில் செதுக்கியது. அதன் முனையில் ஒரு தலை: பிளந்த வாய், வரிசையாகப் பற்கள், மேல்நோக்கிச் சுருண்ட மூக்கு, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பித்தளை ஆணிகள்.

அது என்ன மிருகம் என்பதில் எங்கள் வீட்டில் ஒற்றுமை ஏற்படவில்லை. அப்பா யாளி என்றார். எனக்கு நேரே பார்த்தால் நாயாகவும் பக்கவாட்டில் பன்றியாகவும் தெரிந்தது. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

"சாத்தான் மூஞ்சி. மாதா படத்துக்குப் பக்கத்துல வெக்காத" என்றாள். சித்தி அங்கேதான் வைத்தாள்.

என்னிடம் மட்டும் சொன்னாள். "பிலிப்பைன்ஸ்காரங்க வாளு இது. பிடியில விதவிதமா செதுக்குவாங்க. அலகு நீண்டிருந்தா பறவை. இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு மூக்கு சுருண்டிருந்தா பக்குனாவா. கடலுக்குள்ள இருக்கற பாம்பு. மொதல்ல ஏழு நிலா இருந்துச்சாம். ஆறை முழுங்கிடுச்சு."

"மிச்சம் ஒண்ணு?"

"அதையும் முழுங்க வரும். ஊரே சட்டி பானையத் தட்டினா பயந்து துப்பிட்டுப் போயிரும்."

அதன் பிறகு நான் நிலாவைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். அது நாளுக்கு நாள் தேய்ந்தது. ஒரு மாலை வானத்தில் நிலாவே இல்லை. சோற்றுத்தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று தட்டினேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். உலகத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு வீட்டில் மரியாதை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு மத்தியானம் பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளி விடுமுறை. வீடு தூங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்த நான் சித்தியின் அறையில் முணுமுணுப்புக் கேட்டு எட்டிப் பார்த்தேன். தமிழ் இல்லை, கன்னடம் இல்லை, இங்கிலீஷும் இல்லை. சித்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பிடியைத் தன் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். பிளந்த வாய் அவள் வயிற்றைப் பார்த்திருந்தது. அவள் மெதுவாக ஏதோ சொல்வாள், பிறகு பதிலுக்குக் காத்திருப்பதுபோல் பேசாமல் இருப்பாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஆணிக்கண்கள் மின்னின. சித்தி தன்னைத் தின்னக் கொடுக்கிறாள் என்றே நம்பினேன். தாகம் போய்விட்டது. அன்று முதல் அம்மா பக்கத்தில்தான் படுத்தேன்.

பாப்பாரப்பட்டியிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அவர்கள் வரும் நாளன்று காலையில் அம்மா அந்தப் பிடியை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். கூப்பிட்டதும் சித்தி காபித்தட்டோடு வந்தாள். கக்கத்தில் அந்தப் பிடி. பற்களுக்கிடையே தவிடு ஒட்டியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா திடுக்கிட்டார். "இதென்ன கண்ணு, பேயாட்டம்?"

எனக்குத் தெரிந்த கேள்வி. "பக்குனாவாங்க! நிலாவ முழுங்கும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரோடதுங்க. பிலிப்பைன்ஸ்காரரு. எங்கூட ஆஸ்பத்திரியில வேல பார்த்தவரு. அவரு செத்து மூணு மாசமாச்சுங்க."

"சித்தி பொய் சொல்றாங்க. அவங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்று நான் திருத்தினேன்.

யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் சித்தியை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை நடுவில் ஓரிடத்தில் நின்றது. காபியைத் தொடாமல் எழுந்தார். அவர்கள் போனதும் அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

அம்மா சித்தியை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "எத்தன மாசம்டீ?" என்றது வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

"அஞ்சுக்கா."

கொஞ்ச நேரத்துக்கு முன் மூன்று என்றவள் இப்போது ஐந்து என்கிறாள். பொய் சொன்னால் ஒன்றிலேயே நிற்க வேண்டாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

 சில நாட்கள் அப்பா வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். சித்தி பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். பிறகு ஒரு காலையில் அம்மா பரண் மேல் ஏறி டிரங்குப் பெட்டியை இறக்கினாள். உள்ளே நான் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள், ஒரு மஞ்சள் கம்பளிக் குல்லா. ஒவ்வொன்றாக உதறி வெயிலில் போட்டாள். காய்ந்ததும் குல்லாவை எடுத்துச் சித்தியின் மடியில் வைத்தாள்.

"அது என்னுதும்மா. சித்தி தலைக்குப் பத்தாது" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. குல்லாவைத் திரும்பக் கேட்க இது சமயமில்லை என்பது மட்டும் புரிந்தது.