ஐந்தருவியில் ஆண்கள் பக்கம்

ஊர் சுற்றுகிறவள் என்று பெயர் எடுத்துவிட்டால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஒத்தையில போறீங்களே, என்னைக்காவது பயந்திருக்கீங்களா?" கேட்கும்போதே முகத்தில் ஆசை தெரியும். யானை துரத்தியிருக்க வேண்டும், இல்லை காட்டில் வழி தப்பியிருக்க வேண்டும். யானை ஒரு தடவை சாலையை மறித்து நின்றது. பைக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன், அது பாட்டுக்குப் போய்விட்டது. ஒரு மலை உச்சியில் மூடுபனி இறங்கி, என் கையே எனக்குத் தெரியாமல் பாறையில் குந்தியிருந்திருக்கிறேன். அட, அதெல்லாம் ஒரு பயமா?

"ஐந்தருவியில பயந்தேன். ஆம்பளைங்க பக்கம்" என்பேன். சிரிப்பார்கள். பட்டப்பகலில், பஜ்ஜிக் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில், போலீஸ்காரர் நிற்கிற இடத்தில் என்ன பயம் என்று கேட்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அப்பா பஸ் டிரைவர். செங்கோட்டையிலிருந்து மலைப்பாதையில் கேரளத்துக்கு வண்டி ஓட்டியே ரிட்டையர் ஆனவர். தான் மலை ஏறியது வயிற்றுப்பாட்டுக்கு, நான் ஏறுவது கொழுப்புக்கு என்பது அவர் கட்சி. "கூலிக்கு ஏறுனவன் நான். ஒனக்கு என்னட்டி வந்துச்சு?" என்பார். நான் லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் வாய் மூடாது. கிளட்சிலிருந்து காலை எடு, வளைவில் ஹாரன் அடி, லாரிக்காரனை நம்பாதே. நல்லா ஓட்டுதே என்று ஒரு வார்த்தை? மூச்! செத்தாலும் வராது.

அம்மா போன பிறகு தென்காசி வீட்டைப் பூட்டி அவரை மதுரைக்கு, என்னோடு அழைத்து வந்தேன். அதற்கப்புறம்தான் ஞாபகம் கழலத் தொடங்கியது. முதலில் மூக்குக் கண்ணாடி, வீட்டுச் சாவி. அப்புறம் சாப்பிட்டது. அப்புறம் அம்மா செத்துப்போனது. "ஒங்கம்மா எந்திரிச்சிட்டாளா?" என்று கேட்பார். முதல் சில தடவை உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சாவுச் செய்தி கேட்டவர் போல அவர் உடைந்து உட்கார்ந்ததைப் பார்த்தபின் "ம்" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

என்னை மறக்கவில்லை. அது ஒன்றுதான் என் கையில் மிச்சமிருந்தது. தினமும் காலையில் காபி டம்ளரோடு அவர் அறைக் கதவைத் தள்ளும்போது மனதில் ஒரே கேள்விதான். இன்றைக்கு என்னைத் தெரியுமா? கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "என்னட்டி, பேய் மாதிரி நிக்கே?" என்று ஒரு அதட்டல் வரும். அப்பாடா என்று இருக்கும். அந்த அதட்டல் கிடைத்தால்தான் என் காபி எனக்குத் தொண்டையில் இறங்கும்.

ஆனி மாதம் ஒருநாள், "சாரல் விழுந்திருக்கும், குத்தாலம் போவோம்" என்று பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. துபாயில் இருக்கும் அண்ணன் போனில் குதித்தான். "ஒனக்கு வேற சோலியே இல்லையாட்டி? அவரையும் இழுத்துக்கிட்டு ஊர் சுத்தணுமா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும், பாத்துக்கோ." சொல்லிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேனே தவிர, அவன் சொன்னது முள்ளாக உள்ளே தைத்துக்கொண்டு நின்றது.

கடையநல்லூர் தாண்டியதும் காற்று மாறியது. அப்பா கண்ணாடியை இறக்கி முகத்தைக் காட்டினார். காலையில் இட்லி சாப்பிட்டதை மறந்தவருக்குச் சாலை மறக்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. "தேர்டுல போடு. முன்னால லாரி நிக்கான் பாரு. ஏட்டி, சொல்லுதது காதுல விழுதா?" லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. தென்காசிக் கோபுரம் தெரிந்ததும் கும்பிட்டார். அன்றைக்கு அவர் அதட்டிய அதட்டல் ஒவ்வொன்றும் எனக்குச் சர்க்கரையாக இருந்தது.

சீசன் தவறாமல் அம்மாவும் நானும் அவரோடு குற்றாலம் ஐந்தருவிக்கு வந்திருக்கிறோம். அப்பா தலையை நனைத்தோம் என்று பேர் பண்ணிவிட்டு வந்துவிடுவார். பெண்கள் குளித்துவிட்டு வெளியே வரும் பாதையோரம், உலர்ந்த துணி வைத்த ஒயர் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்து, தெரிந்த பெண்கள், தெரியாத பெண்கள் எல்லோரும் தங்கள் பையையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அம்மா லேசில் வர மாட்டாள். "அருவியப் பேத்து வீட்டுக்குக் கொண்டாந்திருவா போல" என்று உறுமுவார். ஆனால் அவள் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.

ஐந்தருவியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினோம். அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை அவிழ்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விறுவிறுவென்று நடந்தார். பாதை பிரியும் இடம் வந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அங்கேதான் எனக்கு உறைத்தது. இதற்கு மேல் நான் அவரோடு போக முடியாது.

என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல? டயரில் காற்றுப் பார்த்தேன். அவர் மாத்திரை, மாற்றுத்துணி, சுக்கு, ஃப்ளாஸ்க்கில் வெந்நீர், எல்லாம் எடுத்து வைத்தேன். அவர் சட்டைப் பையில் என் போன் நம்பர் எழுதிய அட்டைகூட வைத்திருந்தேன். காட்டுக்குப் போகிறவள் எப்படி மூட்டை கட்டுவாளோ அப்படிக் கட்டியிருந்தேன். கூட ஒரு ஆம்பளை வேண்டும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஆம்பளைத் துணை இல்லாமல் போகாதே என்று ஆயுசு முழுக்க ஊரே சொல்லியிருக்கிறது, ஒரு தடவையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. இந்த இடத்தில் வந்து மாட்டுவேன் என்று யார் கண்டது?

திரும்பிப் போகலாம் என்றால் அப்பா கேட்பாரா? "கையை விடுட்டி" என்று திமிறினார். அப்போது ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். நல்ல வாட்டசாட்டமான மனிதர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவராம். மானம் பார்க்காமல் கேட்டேன்.

"அண்ணாச்சி, எங்க அப்பாவைக் கொஞ்சம் குளிக்கக் கூட்டிட்டுப் போறீங்களா? ஞாபகம் கொஞ்சம் தப்பிப்போச்சு. கையை மட்டும் விட்டுராதீங்க."

"அதுக்கென்னக்கா, நம்ம அப்பா மாதிரி. வாங்க பெரியவரே" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். அவர் மனைவி, "எங்க வீட்டுக்காரவ பாத்துக்கிடுவாவ, நீங்களும் வாங்கக்கா குளிப்போம்" என்றாள். நான் குளிக்கப் போகவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் முறைத்தால் முறைக்கட்டும்.

கூட்டத்துக்கு நடுவில் அப்பாவின் வழுக்கைத் தலை தெரிந்தது. தண்ணீர் விழும் இடத்தில் நின்று வாயைத் திறந்து சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. "தண்ணி கூடுது, எல்லாரும் வெளிய வாங்க! வெளிய வாங்க!" நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. சத்தமே வேறு மாதிரி கேட்டது. ஆண்கள் மொத்தமாகத் திரும்பி ஓடிவந்தார்கள். எல்லோரும் ஈரத் தலை, வெற்றுடம்பு, இடுப்பில் துண்டு. அப்பா யார், அடுத்தவர் யார் என்று ஒன்றும் தெரியவில்லை. "அப்பா! அப்பா!" என்று கத்தினேன். யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

லோடுக்காரர் தனியாக வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இங்கனதான்க்கா நின்னாவ. விசில் அடிக்கவும் கூட்டம் தள்ளிட்டு. கைய உருவிட்டாவ. நான் தேடுனேன்க்கா, சத்தியமா தேடுனேன்."

அவரைத் திட்டக்கூட நிற்கவில்லை. கம்பியைத் தாண்டி உள்ளே ஓடினேன். ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"லேடீஸ் இங்க வரக் கூடாதும்மா."

"எங்க அப்பா உள்ள இருக்காரு!"

"உள்ள யாரும் இல்லம்மா, எல்லாரையும் வெளிய ஏத்தியாச்சு. மைக்குல சொல்லச் சொல்லுதேன். என்ன கலர் சட்டை?"

சட்டை என் தோள்பையில் இருந்தது. போன் நம்பர் எழுதிய அட்டையும் அதற்குள்தான் இருந்தது. "துண்டு கட்டியிருக்காரு" என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது. அங்கே துண்டு கட்டாதவர் யார்? "பேரைச் சொன்னா வருவாரா?" என்று கேட்டார். சில நாள் வருவார், சில நாள் வர மாட்டார். அதை எப்படிச் சொல்ல?

உள்ளே யாரும் இல்லை என்றுதான் அவர் சொன்னார். நான் அந்தச் செம்மண் தண்ணீரையே பார்த்தேன். அது பாறையில் மோதி, சுழன்று, கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு துண்டு மிதந்து போனது. யாருடைய துண்டோ! அப்பா கட்டியிருந்தது என்ன நிறம் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. அவருக்கு வந்த வியாதி எனக்கும் வந்துவிட்டது போல மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. அண்ணன் குரல் மட்டும் கேட்டது. நீதான் பதில் சொல்லணும். என்ன பதில் சொல்ல? எந்த வாயால் சொல்ல?

லோடுக்காரர் ஆண்கள் வெளியே வரும் பாதையில் ஓடினார். நான் கடைகள் பக்கம் ஓடினேன். மங்குஸ்தான் பழம் விற்கிறவரிடம் கேட்டேன், சிப்ஸ் கடையில் கேட்டேன். "வயசான ஒருத்தர், துண்டு கட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்ததுமே அவர்கள் கூட்டத்தைக் கையால் காட்டினார்கள். கார் நிற்கும் இடத்துக்குப் போனேன், அங்கும் இல்லை. செருப்பு எங்கே அறுந்து போனது என்று தெரியவில்லை. கடவுளே, திட்டினால் போதும், என்னட்டி இங்கன நிக்கே என்று ஒரு அதட்டல் போட்டால் போதும் என்று வாய்விட்டே புலம்பிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன்.

பெண்கள் வெளியே வரும் பாதையோரம் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

இடுப்பில் ஈரத்துண்டு. உடம்பு வெடவெடவென்று ஆடியது. தோளில் இரண்டு கைப்பை, கையில் ஒரு கட்டைப்பை, இன்னொரு கையில் யார் வீட்டுக் குழந்தையின் சின்னச் செருப்போ. வெளியே ஓடிவந்த பெண்கள் ஈரத்தைப் பிழியவும் பிள்ளைகளைத் தேடவும் அவரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

"அப்பா!"

அப்பா திரும்பிப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார்.

"ஏம்மா, நீங்க உள்ள போறீயளா? எங்க வீட்டுக்காரி உள்ள குளிச்சிட்டு இருக்கா. தண்ணி கூடிட்டுன்னு விசில் அடிக்கான். வெரசா வரச் சொல்லுதீயளா?"

அப்பா என்னை ஒருநாளும் நீங்க என்றதில்லை. தினமும் கதவைத் தள்ளும்போது நான் பயந்தது இதற்குத்தான். அது வீட்டில் வராமல் இங்கே, இத்தனை சனத்துக்கு நடுவில் வந்து நின்றது.

"சொல்லுதேன்" என்றேன். தோளில் கிடந்த என் சால்வையை எடுத்து அவர் மேல் போர்த்தப் போனேன். ஒதுங்கிக்கொண்டார்.

"வேண்டாம்மா, நீங்கதான் நடுங்குதீய. எனக்குத் துணியெல்லாம் எம் மவ வண்டியில இருக்கு. மதுரையில இருந்து அவதான் ஓட்டிட்டு வந்தா." பெருமையாகத் தலையை ஆட்டினார். "ஆயுசு பூரா மலையில பஸ் ஓட்டுனவன் நான். சொல்லுதேன், என்னைய விட நல்லா ஓட்டுதா. ஒத்தையில காடு மலையெல்லாம் போவா. பயம்னா என்னன்னே தெரியாது அவளுக்கு." பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட மட்டும் சொல்லிராதீய. தலையில ஏறி உக்காந்துக்கிடுவா."

கண்ணில் வழிந்ததைத் துடைக்கத் தோன்றவில்லை. அப்பா என்னைக் கவலையோடு பார்த்தார்.

"நீங்க யார் கூட வந்தீய?"

"எங்க அப்பா கூட."

"அவிய எங்க? ஆம்பளைங்க பக்கம் போனாவளோ?"

தலையை ஆட்டினேன். அப்பா எட்டி அந்தப் பக்கம் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். யாரோ ஒருவருக்காக மெனக்கெட்டுத் தேடினார்.

"வயசானவியன்னா மெதுவாத்தான் வருவாவ. இங்கனயே நில்லுங்க, எங்கயும் போயிராதீய. வந்துருவாவ. பயப்படாதீயம்மா."

பெண்கள் ஒவ்வொருவராக வந்து பைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு குழந்தை வந்து செருப்பை வாங்கிப் போனது. கை காலியான பிறகும் அப்பா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நானும் நகரவில்லை.